பாதி மருந்து

நான் வாய்க்காரி என்று ஊரில் பெயர். கிராம சேவகரோடும் சண்டை பிடிப்பேன், பஸ் கொண்டக்டரோடும் பிடிப்பேன். அப்படிப்பட்ட எனக்கு ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சைக் கையில் எடுக்க ஈரக்குலை நடுங்கியது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். முள்ளந்தண்டுக்கும் பரவிவிட்டது, இனி ஒப்பரேசன் செய்து பயனில்லை, வீட்டில் வைத்து நோகாமல் பார்ப்பதுதான் நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அம்மா எப்போதோ போய்விட்டா. தம்பி கனடாவில். ஆகவே விசுவமடுவில், வீட்டுத்திட்டத்தில் கட்டிய எங்கள் வீட்டின் முன்னறையில், ஜன்னலோடு கட்டிலைப் போட்டு நான்தான் அவரைப் பார்த்தேன். வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரி வான் வரும். அதில் ஒரு நேர்ஸ் வருவா. என்னைவிடப் பத்து வயது இளையவா. அப்பாவின் படுக்கைப் புண்ணைத் துடைத்து, என்னோடு சேர்ந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, நீங்கள் சாப்பிட்டீங்களோ அக்கா என்றும் கேட்டுவிட்டுத்தான் போவா.

மூன்றாவது வியாழன் அப்பாவால் முதுகை அசைக்கவே முடியவில்லை. நேர்ஸ் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தா. வாயால் குடிக்கிற, நிறமில்லாத பாணி மருந்து. நோவுக்கு, பெயர் மோர்பின் என்றா.

மற்ற ஊர்களில் எப்படியோ தெரியாது. எனக்கு அது மருந்தின் பெயராகக் காதில் விழுவதில்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில், ஆஸ்பத்திரியாக்கிய ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், வயிற்றில் காயப்பட்ட மாமாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். யாரோ வந்து ஊசி போட்டார். பக்கத்தில் தன் பிள்ளையை வைத்திருந்த ஒரு மனிசி, மோர்பின் போட்டுவிட்டார்கள், இனி ஆள் தப்பாது என்று எனக்குச் சொன்னா. மாமாவின் முனகல் நின்றது. ஒரு மணித்தியாலத்துக்குள் மூச்சும் நின்றது. காயம்தான் அவரைக் கொன்றது என்று இன்றைக்கு என் புத்திக்குத் தெரியும். ஆனால் அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது ஊசியை.

இதையெல்லாம் நேர்ஸிடம் நான் சொல்லவில்லை. அவா சொன்னவற்றுக்கெல்லாம் தலையாட்டினேன். நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம், சிரிஞ்சில் இந்தக் கோடுவரை, வாயின் ஓரத்தில் மெதுவாக விடவேண்டும். இந்த அளவு உயிருக்கு ஒன்றும் செய்யாது. எழுப்பமுடியாத நித்திரை என்றால் உடனே போன் எடுக்கவேண்டும். முதல் தரம் அவாவே கொடுத்துக் காட்டினா. வான் போனபிறகு அப்பா அயர்ந்தார். நான் பின்னேரம் முழுக்க அவருடைய மூக்கடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த முறை என் கையால். குசினிக்குள் போய்ப் போத்தலைத் திறந்தேன். கோட்டுக்குப் பாதித் தூரம்வரை மருந்தை இழுத்தேன். மீதிப் பாதிக்கு ஆறவைத்த சுடுதண்ணீரை இழுத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? அப்பா ஒன்றும் சொல்லாமல் விழுங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் அப்படித்தான்.

அந்த ஏழு நாளும் அவருக்கு நொந்தது. கட்டில் சட்டத்தை விரல் வெளுக்கப் பிடித்திருப்பார். துவாயின் நுனியைக் கடித்துக்கொள்வார். காலை நீட்டமுடியாமல் மடித்தபடியே கிடப்பார். நோகுதோ என்று கேட்டால், பரவாயில்லை என்பார், தோட்டத்தில் கச்சானுக்குத் தண்ணீர் விட்டாயா, மாடு உள்ளே வந்ததா என்று கதையை மாற்றுவார். நானும் அந்தப் பரவாயில்லையை நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதே சரி. சில நேரம் குசினிக்குள் நின்று தேவையில்லாமல் தேங்காய் துருவினேன், முனகல் கேட்காமல் இருக்க. தம்பி போனில், தான் வருமட்டும் அவரை எப்படியாவது வைத்திரு என்று அழுதான். வைத்திருக்கிறேன் என்றேன். அவர் நொந்தால் உயிரோடு இருக்கிறார், அமைதியானால் போய்விடுவார் என்று என் பயம் கணக்குப் போட்டு வைத்திருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

அடுத்த வியாழன் நேர்ஸ் போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தா.

"அக்கா, இது இந்நேரம் முடிஞ்சிருக்க வேணும். எவ்வளவு குடுத்தனீங்கள்?"

கட்டிலிலிருந்து அப்பாதான் பேசினார்.

"அவளைக் கேக்காதேங்கோ பிள்ளை. நான்தான் குறைக்கச் சொன்னனான். ஒரே நித்திரையா வருது."

நேர்ஸ் அவரைச் செல்லமாக ஏசினா. நோவைத் தாங்கிக்கொண்டு கிடப்பதால் ஒன்றும் கூடக் கிடைக்கப்போவதில்லை, உடம்புதான் இன்னும் களைக்கும் என்றா. அவர் குற்றம் செய்தவர்போல ஓம், ஓம் என்றார்.

வான் படலையைத் தாண்டியதும் அப்பாவிடம் கேட்டேன், நான் குறைத்தது எப்படித் தெரியும் என்று.

"அந்த நேர்ஸ் பிள்ளை தந்தது வேம்பு மாதிரிக் கைச்சுது. நீ தந்தது அப்பிடிக் கைக்கேல்லை."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீ பயந்தனி. மாமாவையும் கடைசியா நீதானே மடியில வச்சிருந்தனி."

அவ்வளவுதான் சொன்னார். நான் குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இரண்டு மணிக்குக் கோடுவரை மருந்தை இழுத்தேன். தண்ணீர் கலக்கவில்லை. கட்டிலடியில் வந்து சிரிஞ்சை நீட்டாமல் நின்றேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை. சிரிஞ்சைத் தானே வாய்க்குக் கொண்டுபோனார்.

அரை மணித்தியாலத்தில் கண் மூடியது. துவாயைப் பிடித்திருந்த விரல்கள் கழன்றன. முனகல் நின்றது. நேர்ஸுக்குப் போன் எடுத்தேன். ஒரு நிமிசத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொன்னா. பதினாலு. திரும்ப எண்ணினேன், பதின்மூன்று. குறைகிறது என்று திரும்பவும் போன் எடுத்தேன். அது நித்திரை அக்கா, பயப்படாதேங்கோ என்றா. எப்படிப் பயப்படாமல் இருப்பது? ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் நான் செத்துப் பிழைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய கால்கள் இரண்டும் நீட்டியிருந்தன.

ஐந்தரைக்குப் பிறகு கண் திறந்தார். என்னைப் பார்த்தார். தண்ணீர் வேண்டுமோ என்று கேட்டேன். தலையாட்டி மறுத்தார்.

"அடுத்தது எத்தினை மணிக்கு?"

அந்த ஏழு நாளில் ஒருதரம்கூட அவர் அதைக் கேட்டதில்லை. ஆறு மணிக்கு அப்பா என்றேன். இன்னும் இருபது நிமிசம் இருந்தது. அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.