கேத வீட்டில் சொல்லக் கூடாதது

நீட் தேர்வில் மதிப்பெண் வராததால் விலங்கியலுக்கு வந்து சேர்ந்தவள் நான். என்னோடு பள்ளியில் படித்தவர்கள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பெட்டி கட்டிப் போனார்கள். நான் பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, பசுமலைப் பக்கம் இருந்த கல்லூரிக்குப் போய், சாயங்காலம் அதே வழியில் வீடு திரும்பினேன். வகுப்பில் யாரோடும் ஒட்டவில்லை. ஒட்டிவிட்டால் இதுதான் என் கல்லூரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்ற வீம்பு. அடுத்த வருஷம் வேறு எங்காவது போய்விடுவேன் என்று வீட்டில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்தவள் என்னைச் சும்மா விடவில்லை. பரவைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவள். நெல்லும் மல்லிகையும் போடுகிற குடும்பம். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

"என்னடி, கட்டிக் குடுத்த வீடு புடிக்காதவ மாதிரியே உக்காந்திருக்க?" என்றாள் ஒருநாள்.

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. அன்றிலிருந்து ஆங்கிலத்தில் நடத்துகிற பாடத்தை அவள் காதோடு தமிழில் சொல்வது என் வேலையாயிற்று. வகுப்பில் தூங்கி வழிந்துகொண்டிருந்த நான், அவளுக்குச் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே பாடத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவள் வராத நாளில் எனக்கு வகுப்பில் ஒரு வேலையும் இருக்காது.

முதல் பருவத் தேர்வு நெருங்கும்போது அவள் அப்பா இறந்துபோனார். வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கை எமோஜிகள் வந்து குவிந்தன. அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது: "இனி வர மாட்டேன்டி. பெரியப்பா வேணாம்ங்கிறாரு."

அவள் அப்பாவுக்காக அழுததைவிட, அவள் இல்லாத அந்த பெஞ்சை நினைத்துத்தான் அன்று அதிகம் அழுதேன். நேரில் போய்ப் பேசி, எப்படியாவது அவளைத் திரும்ப வரவைப்பது என்று கிளம்பினேன்.

எங்கள் வீட்டில் பிள்ளைகளைச் சாவு வீட்டுக்குக் கூட்டிப் போக மாட்டார்கள். படிக்கிற பிள்ளை, பயந்துக்கும் என்று எதையாவது சொல்லிப் பெரியவர்கள் மட்டும் போய் வருவார்கள். அதனால் கேதம் கேட்பது, துக்கம் விசாரிப்பது எப்படி என்றே எனக்குத் தெரியாது.

வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, அவளோடு படிக்கிறவள் என்று தெரிந்ததும் பக்கத்தில் கூப்பிட்டார். "ஆம்பள இல்லாத வீடாப்போச்சு பாப்பா. பொட்டப்புள்ள அம்புட்டுத் தூரம் தனியா போயி வர வேணாம். படிச்ச வரைக்கும் போதும்," என்றார். அழுது சிவந்த கண். கெட்ட மனுஷர் இல்லை. பஸ்ஸில் நான் மனப்பாடம் செய்து வந்ததில் ஒன்றைக்கூட அவரிடம் சொல்லவில்லை. போதாக்குறைக்குத் தலையை வேறு ஆட்டிவைத்தேன். அதற்கா அம்புட்டுத் தூரம் போனேன்?

உள்ளே பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் சாய்ந்திருந்த அம்மாவின் பக்கத்தில் அவள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். நேரம் போயிற்று. எழுந்தேன். சின்ன வயதிலிருந்து, வாசல்படி தாண்டும்போது "போறேன்" என்று சொன்னால் வாயில் அடி விழுந்து வளர்ந்தவள். பழக்க தோஷத்தில், "போயிட்டு வாரேம்மா," என்றேன்.

பக்கத்திலிருந்த ஒரு அம்மாள் என்னை முறைத்தார்.

"கேத வீட்டுல சொல்லிட்டுப் போகக் கூடாதுன்னு தெரியாதா? வாரேன்னா, மறுக்கா எந்தச் சாவுக்கு வருவ?"

போன காரியத்தைச் சொல்லவில்லை; சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். அப்போது அதுவரை வாய் திறக்காமல் இருந்த அவள் அம்மா பேசினார்.

"அவள வையாதீக. வாரேன்னு சொல்லிட்டால்ல, வரட்டும். கருமாதி முடிஞ்சு வா தாயி. வந்து எம்புள்ளயக் காலேசுக்குக் கூட்டிட்டுப் போ."

பெரியப்பா வாசலிலிருந்து, "என்னத்தா பேசுற?" என்றார்.

"அவரு சேத்துவிட்ட காலேசு மாமா. அத நிப்பாட்டிப்புட்டு எனக்குச் சோறு எறங்குமா?"



கருமாதி முடிந்து விடிந்ததும் போனேன். அவள் தலை சீவி, பையை மாட்டிக்கொண்டு நின்றாள். பெரியப்பா எங்களைப் பஸ் ஏற்றிவிட வண்டியோடு வந்திருந்தார். அம்மாவைக் காணோம். மகள் கிளம்புகிற நேரத்தில் தாலியறுத்தவள் எதிரே வரக் கூடாதென்று, கொல்லையில் மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாராம்.

அவள் பையைக் கழற்றி வாசலில் வைத்தாள். கொல்லைக்குப் போனாள். "ஆகாதுடி, விடு," என்று அம்மா கெஞ்சுவது கேட்டது. கையைப் பிடித்து இழுத்து வந்து, நடுவாசலில், எல்லோரும் பார்க்க, தனக்கு நேர் எதிரே நிறுத்தினாள்.

"நீ எதுக்க நின்னாத்தான் போவேன்," என்றாள்.

பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டு வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்தார். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, அசையாமல் நின்றார். மகள் அவரை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பையை எடுத்தாள்.

பஸ்ஸில் பாதித் தூரத்தில்தான், அடுத்த வருஷம் வேறு கல்லூரிக்குப் போக வேண்டும் என்ற எண்ணமே என்னிடம் இல்லை என்று தெரிந்தது.