தோத்தாத்ரி தேர்ந்தெடுத்த எண்

நாகலக்ஷ்மிக்குப் பொய் சொல்ல வராது. முடிச்சூரில் அவரைத் தெரிந்த யாரையும் கேட்டுப் பாருங்கள். பெருமாள் சந்நிதியில் நின்று, துளசியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதுதான் இது. தெருவின் பெயரை மட்டும் எழுதவில்லை. அங்கே இன்னும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

கணவர் தோத்தாத்ரிக்கு நுரையீரல் பாதி வேலை செய்யாது. ஆக்ஸிஜன் மெஷின்தான் மூச்சு. அவர்கள் இருந்ததோ கீழ்வீடு. உள்ளே செல்போன் டவர் எடுக்காது. பழைய லேண்ட்லைன் ரோடு தோண்டியதில் செத்துப்போயிருந்தது. திடீரென்று மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒரு போன் வேண்டும். அதனால்தான் ஐப்பசி பிறந்ததும் இன்டர்நெட் வழியாகப் பேசும் போனுக்குச் சொல்லிவைத்தார்கள்.

கம்பெனி ஆள் பிரிட்டோ வந்தான். மோடம், போன், கரண்ட் போனால் நாலு மணி நேரம் தாங்கும் சின்ன பேட்டரி, எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினான். பிறகு எண்களின் பட்டியலை நீட்டினான். தோத்தாத்ரி பேனா எடுத்துக் கூட்ட ஆரம்பித்துவிட்டார்.

"இது ஆறு வரது. இதான் வேணும்."

"சார், அது ஒருத்தங்க சரண்டர் பண்ண நம்பர். பழைய ஆளுங்களுக்கு கால் வரும், பேஜாரு. வேற எடுங்களேன்."

"ஏன்னா, அவர்தான் சொல்றாரே..." என்று இழுத்தார் நாகலக்ஷ்மி.

"ஆறு சுக்கிரன்டி. வர லக்ஷ்மியை வேண்டாங்கறியா?"

அந்த எண்ணே வந்தது.

மறுநாள் மாலை 4.10. டிரிங்... டிரிங்...

"அம்மா, தண்ணி வூட்டுக்குள்ள வந்துட்ச்சா?"

இளைஞன் குரல். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவன் பக்கத்தில் மட்டும் மழை கொட்டும் ஓசை.

"ராங் நம்பர்ப்பா."

"கோச்சுக்காதம்மா. தண்ணி வந்துச்சான்னு மட்டும் சொல்லு..."

வைத்துவிட்டார். அடுத்த நாளும் அதே 4.10. அதே கேள்வி. போனின் சின்னத் திரையில் எண் எதுவும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் நாகலக்ஷ்மியின் மனசு கேட்கவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, புத்தி பேதலித்துத் தவிக்கிறது. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

"வரலைப்பா. நான் நன்னா இருக்கேன். நீ சாப்ட்டியா?"

மறுமுனையில் தண்ணீர் ஓடும் சத்தம்...

"இன்னும் இல்லமா."

தோத்தாத்ரி மூச்சு வாங்கச் சிரித்தார். "அம்பத்தெட்டு வயசுல நோகாம ஒரு பிள்ளை பெத்துட்டே!"

அதன்பின் தினமும் 4.10. தினமும் அதே இரண்டு வார்த்தை ஆறுதல்.

கார்த்திகையில் புயல் வந்தது. விடாமல் இரண்டு நாள் மழை. மேல்வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள்.

காலை 9.40க்குக் கரண்ட் போனது. மெஷின் இன்வெர்ட்டரில் ஓடியது. பகல் 1.40க்கு மோடத்தின் பச்சை விளக்கு அணைந்தது. போனில் உயிர் இல்லை. 2.30க்கு இன்வெர்ட்டரும் நின்றது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சின்ன சிலிண்டர்.

3.50. வாசற்படி தாண்டித் தண்ணீர் வந்தது. கணுக்கால்... முழங்கால். தரையோடு இருந்த மோடம் மூழ்கியது.

சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டது. தோத்தாத்ரியின் உதடு நீலம் பாரித்தது. நாகலக்ஷ்மி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். தெருவில் ஆள் இல்லை.

"பெருமாளே... இவரை எடுத்துக்காதே..."

4.10.

டிரிங்... டிரிங்...

செத்த போன்.

டிரிங்...

எடுத்தார்.

"அம்மா, தண்ணி வூட்டுக்குள்ள வந்துட்ச்சா?"

"வந்துடுத்துப்பா! அவருக்கு மூச்சு முட்டறது... நான் என்ன பண்ணுவேன்..."

"கதவத் தொறந்து வை. வந்துகினே கீறேன்."

4.25. வாசலில் ஒருவன் நின்றான். லுங்கி. குனிந்த தலை. பேசவில்லை. தோத்தாத்ரியை முதுகில் தூக்கிக்கொண்டான். நாகலக்ஷ்மி சிலிண்டரை அணைத்துக்கொண்டு பின்னால் போனார்.

மழை விட்டிருந்தது. அவன் தலையிலிருந்து மட்டும் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது.

நாகலக்ஷ்மி நடந்தால் தண்ணீர் சளக் சளக் என்றது.

அவன் நடந்தால்... சத்தமே இல்லை.

தடுமாறியபோது அவன் தோளைப் பிடித்தார். ஐஸ்.

மெயின் ரோட்டில் மீட்புப் படகு தெரிந்தது. தோத்தாத்ரியைப் பஸ் நிறுத்தத்தின் மேட்டில் இறக்கி வைத்தான்.

"உன் பேர் என்னப்பா?"

"லோகநாதன்மா..." முதல் முறையாகத் தலை நிமிர்ந்தான். கண்ணில் அப்படி ஒரு வருத்தம். "உனக்கே மறந்துட்ச்சா?"

படகைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் ஆள் இல்லை.

படகில் இருந்த பக்கத்துத் தெரு துரை ஓடிவந்து கைகொடுத்தான். "இன்னாக்கா இது, அவ்ளோ தண்ணில சார ஒத்தையா இழுத்துனு வந்துட்டியே!"

"ஒத்தையாவா? தூக்கிண்டு வந்த பிள்ளை எங்கே?"

"எந்தப் புள்ளக்கா? சாரு மல்லாக்க மெதந்துகினு வந்தாரு. கூட நீ மட்டும்தான் இருந்த."

ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் இருந்தது. தோத்தாத்ரி பிழைத்தார். இன்றும் இருக்கிறார்.

தண்ணீர் வடிந்ததும் பிரிட்டோ புது மோடத்தோடு வந்தான். கம்பெனிக் கணக்கைத் திறந்து பார்த்தவனுக்கு முகம் மாறியது.

"அம்மா, கனெக்‌ஷன் குடுத்த நாள்லேர்ந்து இந்த நம்பருக்கு வெளியிலேர்ந்து ஒரு கால்கூட வரல."

எண்ணைச் சரண்டர் செய்த வீட்டில் பழைய போனைக் கழற்றியவனும் அவன்தான். நான்கு தெரு தள்ளி என்று வழி சொன்னான். நாகலக்ஷ்மி பழத்தட்டோடு போனார். கதவைத் திறந்த செல்லம்மா, லோகநாதன் என்ற பெயரைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் புள்ளம்மா. படப்பைல கம்பெனி வேல. 2015 வெள்ளத்தன்னிக்கு நாலு பத்துக்கு போன் அடிச்சான். நான் மாடில கெடந்தேன். கீழ தண்ணி. எறங்க பயம், எடுக்கல. அம்மா எடுக்கலியேன்னு தேடிகினு நடந்தே வந்தவன... மூணாம் நாளு ஆத்தோரம் எடுத்தாங்க."

நாகலக்ஷ்மி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கப்பறம் தெனம் அடிச்சுதும்மா. ஒயரப் புடுங்கியும் அடிச்சுது. இத்தினி வருசம் நடுங்கிகினு பாத்துகினே இருந்தேன். ஒரு நாளும் எடுக்கல. இனி முடியாதுன்னுதான் நம்பரையே குடுத்துட்டேன்."

தினமும் அவனிடம் பேசியதையும், புயலன்று அவன் வந்து தூக்கிச் சென்றதையும் நாகலக்ஷ்மி சொன்னார். செல்லம்மா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஒரே ஒரு வார்த்த பேசியிருந்தா... என்னாண்ட வந்திருப்பானா?"