கிறிகோரி அண்ணையும் கடல்நாய்க்குட்டியும்

எனக்கு நாய், பூனை என்று எதன் மேலும் பெரிய பிரியம் கிடையாது. அதை முதலே சொல்லிவிடுகிறேன். நான் கவலைப்படுவது கிறிகோரி அண்ணைக்காக.

இத்தாலியில், பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் எங்கள் பிளாட்டுக்கு மேல்மாடியில் அவரும் மொனிகா அக்காவும் இருக்கிறார்கள். மன்னார் பேசாலையில் பிறந்த மனுசன். காற்றுக்கும் அலைக்கும் மேலால் கத்திக் கதைத்துப் பழகியவர். பலெர்மோவுக்கு வந்து எத்தனையோ வருசமாகியும் அந்தக் குரல் அடங்கவில்லை. வுச்சீரியாச் சந்தையில் மீன்காரனே இவரைக் கண்டால் தன் கூவலை நிறுத்திவிடுவான். "அண்ணை, மெல்லக் கதையுங்கோ, சுவர் வெடிக்கப்போகுது" என்று நான் படியில் நின்று சண்டை பிடித்திருக்கிறேன். சிரிப்பாரே தவிரக் குறைக்கமாட்டார்.

அவர் யாருக்கும் பேசாமல் சாப்பாடு வைக்கமாட்டார். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். வீட்டில் கோபமென்றால் மட்டும்தான் கோப்பையை மேசையில் டக்கென்று வைத்துவிட்டு வாய் திறவாமல் போவோம். அண்ணை இதில் ஒரு படி மேலே. லிபெர்த்தா வீதியில் ஒரு பெரிய வீட்டில் வயதான இத்தாலிய அம்மா, ஒரு சிஞ்ஞோராவை, நெடுங்காலம் பராமரித்தார். அந்த அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோய், பெற்ற மகள் ஊட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்வா. அண்ணை கரண்டியை நீட்டி, "சாப்பிடுங்கோ அம்மா, ஒரு வாய்" என்று தமிழில் சொன்னால் வாய் திறக்கும். செத்தவீட்டில் மகளைவிட இவர்தான் கூட அழுதார்.

பிள்ளைகள் இல்லை. மொனிகா அக்காவுக்கு இரண்டுதரம் வயிற்றில் தங்கி, இரண்டுதரமும் போய்விட்டது. அதைப்பற்றி அவர்கள் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

சிஞ்ஞோரா போனபிறகு, கோயிலில் பாதர் சொல்லி, கடற்கரையோரம் உள்ள ஒரு சின்ன மீன்காட்சிச்சாலையில் தொட்டி கழுவுகிற வேலை அண்ணைக்குக் கிடைத்தது. அந்தக் குளிர்காலத்தில் ஒரு புயலுக்குப் பிறகு அங்கே கடல்நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தாயைக் காணவில்லை. இந்தப் பக்கத்துக் கடலில் அந்த இனமே அருந்தலாகிவிட்டதாம். பின்பக்கத்தில் தனித் தொட்டி கொடுத்தார்கள்.

மிருக வைத்தியர் கியாரா சின்ன வயசுப் பெண், ஆனால் கண்டிப்பு. குட்டிக்கு முன்னால் எவரும் வாய் திறக்கக்கூடாது என்பது அவ போட்ட சட்டம். முகத்தை மூடிக்கொண்டு, மறைப்புக்குப் பின்னால் நின்று மீனைப் போட்டுவிட்டு வரவேண்டும். சாப்பாடும் மனிதக் குரலும் அதன் மண்டையில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் அது மனிதரைத் தேடி வரும், பிறகு கடலில் விடமுடியாது.

குட்டியோ மீனைத் தொடவே இல்லை. குழாய் விட்டு ஏதோ கரைசலை இறக்கியும் நாளுக்கு நாள் மெலிந்தது. ஒரு மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் அண்ணை முகமூடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப்போய், ஒரு சாளையை வாலில் பிடித்து நீட்டினார்.

"பேசாமல்தான் நீட்டினனான், தங்கச்சி," என்று பிறகு என்னிடம் சொன்னார். "அது என்ரை மூஞ்சையையே பாத்துக்கொண்டிருந்துது. கோவத்திலை வைக்கிறமாதிரி எப்பிடி வைக்கிறது? வாய் தன்பாட்டிலை வந்திட்டுது. 'சாப்பிடு மோனை' எண்டன். வாங்கிச் சாப்பிட்டுது."

அதன்பிறகு ஒவ்வொரு மீனுக்கும், பெற்ற மகனைக் கூப்பிடுகிறமாதிரி, ஒரு "சாப்பிடு மோனை." மனுசன் குரலைத் தணிக்க வாழ்க்கையில் அப்போதுதான் பழகினார். குட்டி கொழுத்தது. காரணம் தெரியாமல் கியாராவும் சந்தோசப்பட்டா. வீட்டில் மொனிகா அக்காவுக்கு இரவு முழுக்க அந்தக் கதைதான். இன்றைக்கு இவ்வளவு தின்றான், இன்றைக்கு என்னைக் கண்டு குதித்தான் என்று. 'அது' எப்போது 'அவன்' ஆனது என்று எனக்குத் தெரியாது. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, மனம் ஏதோ செய்யவும் செய்தது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து அக்காவையும் என்னையும் கூட்டிப்போனார். கியாராவும் மறுக்கவில்லை, சத்தம் போடக்கூடாது என்று மட்டும் சொல்லிக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நிறுத்தினா. உள்ளே ஈரக் கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பொதி கிடந்தது. இதற்கா இவ்வளவு என்று நினைத்தேன். அப்போது அது தலையைத் தூக்கியது. குழந்தைக் கண், முழுக்கக் கறுப்பு. அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"ஐயோ, என்ரை ராசா, இஞ்சை பாருங்கோவன்!" என்று கத்திவிட்டா.

குட்டி தண்ணீருக்குள் பாய்ந்து, நேரே எங்களிடம் வந்து, கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டு வாயைப் பிளந்தது. மீன் கேட்கிறது. அக்கா கதைக்கக் கதைக்க அது இன்னும் இடித்தது. கியாரா எங்களையும் பார்த்தா, அதையும் பார்த்தா, பிறகு அண்ணையைப் பார்த்தா. அண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

வேலையால் நிறுத்துவா என்றுதான் நினைத்தேன். அவ செய்தது அதைவிட மோசம். பக்கத்து அறையில் எங்களை இருத்தி, விசயத்தை இத்தாலியத்தில் ஒழுங்காக விளங்கப்படுத்தினா. இப்படியே கடலில் விட்டால் குரல் கேட்கிற படகுக்கெல்லாம் போகும். படகின் இயந்திர விசிறி வெட்டும், இல்லாவிட்டால் வலையைக் கிழித்ததென்று யாராவது அடித்துக் கொல்வார்கள். விடாவிட்டால் சாகும்வரை இந்தத் தொட்டிதான். ஒரே ஒரு வழி இருக்கிறது. சாப்பாடு தந்த குரலே அதைப் பயப்படுத்த வேண்டும்.

"உன்னால் மட்டும்தான் முடியும், கிறிகோரியோ," என்றா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படித்த பெட்டை, பச்சைக் குட்டியை வெருட்டச் சொல்லுகிறாளே என்று பஸ்சில் வரும் வழியெல்லாம் திட்டினேன். மொனிகா அக்கா அழுதுகொண்டே, "அவன் இஞ்சையே இருக்கட்டும். போய்ப் போய்ப் பாப்பம். சாப்பாட்டுக்கு என்ன குறை?" என்றா.

அடுத்த நாட்களில் அண்ணை வேலைக்குப் போய் வந்தார், ஆனால் குட்டிக்குப் பக்கத்தில் போகவில்லை. தூரத்தில் நின்று பார்த்தாராம். ஒரு நாள் பின்னேரம் எங்கள் கதவில் தட்டிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"அது சுத்துது, தங்கச்சி. தொட்டியை ஒரே பக்கமாச் சுத்துது. நிப்பாட்டுதில்லை. எனக்குப் பக்கத்திலை இருக்கவேணுமெண்டதுக்காக அது ஆயுளுக்கும் சுத்திறதோ?"

"உங்கடை விருப்பம், அண்ணை," என்றேன்.

மறுநாளிலிருந்து தொடங்கினார். மற்றவர்கள் உயிர்மீனைச் சத்தமில்லாமல் தண்ணீருக்கடியில் விடுவார்கள். அண்ணையின் பங்கு வேறு. தொட்டி விளிம்பில் போய் நின்று, வழக்கமான குரலில், "சாப்பிடு மோனை" என்பார். அது ஆசையாய் வாயைத் திறந்துகொண்டு வரும். வந்ததும் தகரத்தில் இரும்பால் ஓங்கி அடித்து, குழாய்த் தண்ணீரை முகத்தில் பீய்ச்ச வேண்டும். முதல் நாள் அது விளையாட்டென்று நினைத்துத் திரும்பத் திரும்ப வந்தது. வந்த ஒவ்வொரு தடவையும் தகரத்தில் அடித்தார். முடிந்ததும் கழிவறைக்குப் போய்ச் சத்தி எடுத்தாராம். கியாரா வெளியே தண்ணீர்ப் போத்தலோடு நின்றா. அவவுக்கும் கண் சிவந்திருந்ததாம். அதைக் கேட்டபிறகுதான் நான் அவவைத் திட்டுவதை விட்டேன்.

பிறகு அவர் குரல் கேட்டாலே அது மூலைக்கு ஓடித் தண்ணீருக்கடியில் ஒளிந்தது. எல்லோரும் அண்ணையின் தோளில் தட்டினார்கள். அவர் வீட்டுக்கு வந்து உடுப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார்.

வசந்தத்தில் ஒரு காலை குட்டியைக் கூட்டில் ஏற்றி, தீவுப் பக்கம் படகில் கொண்டுபோனார்கள். அண்ணையையும் வரச்சொன்னா கியாரா. நானும் அக்காவும் துறைமுகத்தில் காத்திருந்தோம். படகு திரும்பி வந்தபோது கூடு வெறுமையாக இருந்தது. நடந்ததை அண்ணை அங்கேயே நின்று சொன்னார்.

கூட்டுக் கதவைத் திறந்தும் குட்டி இறங்கவில்லையாம். முன்னால் அவ்வளவு கடல் கிடக்க, உள்மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. தடியால் தள்ளினால் காயப்படும். கியாரா இவரைக் கூட்டின் பின்பக்கம் வரச்சொல்லி, "கதை" என்று கையைக் காட்டினா.

"ஏசத்தான் நினைச்சனான்," என்றார் அண்ணை. "கடைசி நேரத்திலை வாயிலை ஏச்சு வரேல்லை. குனிஞ்சு, 'இஞ்சை வா மோனை' எண்டு மெல்லக் கூப்பிட்டன். கேட்ட உடனை விழுந்தடிச்சுக் கடலுக்கை பாய்ஞ்சிட்டுது."

மொனிகா அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டா.

"ஒருக்காத் திரும்பிப் பாத்தவனோ?"

"இல்லை," என்றார் அண்ணை. "நல்லாப் பழக்கிப் போட்டன்."