வாசலில் ஹொப்ஸ் கொடி

ஸ்காபரோ வீட்டின் பின்வளவில் நான் நட்ட கொடியைப் பாகல் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அது ஹொப்ஸ், அதன் பூதான் நான் காய்ச்சும் பியருக்குக் கசப்பைக் கொடுக்கிறது என்று கணவரின் அக்காவிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார்.

“பொம்பிளை பியர் காய்ச்சிறதோ? சனம் என்ன சொல்லும்? உதைப் பிடுங்கி எறியும்.”

“உங்கட தம்பி குடிக்கேக்க சனம் ஒண்டும் சொல்லேல்லையே, மச்சாள்.”

நான் பிடுங்கவில்லை. அடுத்த வசந்தத்தில் வேரில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, முன்வாசலில், பஸ் தரிப்புக்கு நேரெதிரே நட்டேன். கூரைவரை கயிறு கட்டினேன்.

இரண்டாம் வருடம் ஆவணியில் பூக்கள் கடதாசிபோலச் சரசரத்தன. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏணி வைத்துப் பறித்தேன். கொடியின் சுணை கையெல்லாம் கீறியது. விரல்களில் பூவின் மஞ்சள் தூள் பிசுபிசுத்தது. கோயிலுக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்ற அன்ரி ஒருவர் கிட்ட வந்தார்.

“வடிவான பூ, பிள்ளை. சாமிக்கு வைக்கலாமோ?”

“இது பியருக்கு அன்ரி. நான்தான் காய்ச்சிறன்,” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறினார். எனக்கு வெட்கமே வரவில்லை. அந்த முறை பியர் நல்ல கசப்பு. முதல் போத்தலை வாசற்படியில் குந்தியிருந்து நானே குடித்தேன்.