இரண்டு கவிகளுக்கு ஒரு தட்டச்சுக்காரி

லூவெல்லா பெரிகோவின் சமையலறையில் எதுவும் வீணாய்ப் போனதில்லை. பொட்டலத்து நூலைச் சுருட்டி வைப்பாள். மெழுகுத்தாளைக் கழுவிக் காயப்போடுவாள். அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் அந்த ஊரே அப்படித்தான். மத்திமீன் டப்பா ஆலையில் பதினெட்டு வருஷம் தட்டச்சு செய்தாள். ஆலை மூடியபோது அந்த மிஷினையே வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டாள். ஊரில் கவிஞர்கள் இரண்டு பேர். இருவருக்கும் அவள்தான் கை.

ஆர்லோ ஸ்டிக்னி எழுதமாட்டார், சொல்வார். மரம் வெட்டியவர், கப்பலேறியவர், மூன்று கல்யாணம் செய்தவர். சமையலறையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தபடி பாலங்கள், ரயில்கள், ஆறுகள், கூலியாட்கள் என்று அடுக்கிக்கொண்டே போவார். அவருடைய ஒரு வரி முடிவதற்குள், தாளின் ஓரம் வந்துவிட்டதென்று மிஷின் மணி இரண்டு தரம் அடித்துவிடும்.

"கொஞ்சம் மூச்சு விடுங்க ஆர்லோ. விரல் கழண்டு விழுது."

"கடல் நின்னு மூச்சு விடுதா? நீ அடிம்மா." பேச்சோடு பேச்சாகப் பானையைத் திறந்து ஒரு கரண்டி பீன்ஸை வாயில் போட்டுக்கொள்வார்.

"அது ராத்திரிக்கு. கரண்டிய வைங்க!"

மிஸ் கிம்பல் மேட்டு வீட்டில் தனியாக இருந்தார். பதினொரு வருஷமாக வேலிக் கதவைத் தாண்டியதில்லை. மாவுப் பையின் ஓரத்திலும் பழைய கடித உறையிலும் பென்சிலால் எழுதுவார். ஒரு தேனீ, ஒரு பனிக்கால விடியல், ஆறே வரி. ஆர்லோவுடையதைத் தட்டி முடித்தால் லூவெல்லாவுக்குத் திருவிழா பார்த்துவிட்டு வந்த அசதி. மிஸ் கிம்பலுடையதை முடித்த பிறகோ, பாத்திரம் துலக்கும்போதும் அந்த ஆறு வரி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். யார் பெரிய கவி என்று யாராவது கேட்டால், "ரொட்டி பெரிசா, உப்பு பெரிசா?" என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம் வசந்தத்தில், அதுவரை லூவெல்லாவைத் தவிர யாருக்கும் காட்டாத கவிதைகளில் பன்னிரண்டைப் பாஸ்டன் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்ப மிஸ் கிம்பல் துணிந்தார். லூவெல்லா தட்ட உட்கார்ந்தாள். ஒரு முழுத் தாளில் ஆறே வரியா? மனசு கேட்கவில்லை. தாளுக்கு நாலாக, மூன்றே தாளில் முடித்துப் பெருமையோடு மேடேறினாள்.

வாசலில் நின்று பார்த்த மிஸ் கிம்பலின் முகம் வெளுத்தது.

"நாலு பேரை ஒரே கட்டில்ல படுக்க வச்சிருக்கியே, லூவெல்லா."

"தாள் வீணாகுதேன்னு..."

"அந்த வெறும் இடத்தையும் நான்தான் எழுதினேன்." தாள்களை அவள் கையிலேயே திணித்து, "வேணாம், விடு. இதெல்லாம் ஊர் பார்க்கறதுக்கு இல்லைன்னு எனக்கே தோணிட்டுதான் இருந்துச்சு" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

லூவெல்லாவுக்கு அவரைத் தெரியும். இந்தத் தடவை பின்வாங்கினால் இன்னொரு தடவை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போகவில்லை. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும் என்று மூலப் பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டாள். தாளுக்கு ஒரு கவிதை. ஆறாவது வரிக்குக் கீழே பளிச்சென்று கிடந்த வெள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் பல் கூசியது.

ஆர்லோ கதவைத் தட்டாமலே வந்தார். "என்ன, தாள் கடை வச்சிருக்கியா?" என்று ஒன்றை எடுத்துத் தன் வழக்கமான முழக்கத்தில் வாசிக்க ஆரம்பித்தார். மூன்றாம் வரியில் குரல் தானாக இறங்கியது. ஆறாவது வரி அவள் காதுக்கே எட்டவில்லை. பிறகும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா இருந்தா இதுக்குக் கீழ இன்னும் எண்பது வரி போட்டிருப்பேன்."

"தெரியுமே."

"குட்டிச்சுவராப் போயிருக்கும்." தாளை மெதுவாக வைத்தார். "நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதே."

திங்கட்கிழமை மேட்டு வீட்டுக் கதவு அரைவாசிதான் திறந்தது. லூவெல்லா தாள் கட்டு ஒன்றை நீட்டினாள்.

"பன்னெண்டு தாள். கிழிச்சுப் போடறதுன்னா நீங்களே போடுங்க. என்னால ஆகாது."

மிஸ் கிம்பல் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் ஒரு தாளை உருவி, "இது இன்னும் வேகல" என்று ஏப்ரன் பையில் செருகிக்கொண்டார். மற்ற பதினொன்றையும் உறையிலிட்டு, நாவால் நனைத்து ஒட்டினார்.

"தபால் எத்தனை மணிக்குக் கிளம்பும்?"

"நாலு மணிக்கு."

"அப்புறம் என்ன மரம் மாதிரி நிக்கற? மனசு மாறறதுக்குள்ள ஓடு!"

ஐம்பத்தொன்பது வயது லூவெல்லா பெரிகோ மேட்டிலிருந்து ஓடினாள்.