மூக்கன் சுட்டெடுத்த டேங்கி

மூக்கன் அந்த மோட்டார் சைக்கிளை எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் முதலில் செய்த வேலை, சுத்தியலை எடுத்து அதன் முன் விளக்கை உடைத்ததுதான். கண்ணாடி சிதறிக் கோழிகள் பறந்தன. பூண்டுலோயா கடைத்தெருவிலிருந்து ஏழு மைல் மேட்டில் அவனோடு சேர்ந்து அதைத் தள்ளிக்கொண்டு வந்தவன் நான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்டா, ஒடைக்கிறதுக்கா இம்புட்டுத் தூரம் தள்ளிக்கிட்டு வந்தோம்?"

"இருக்கட்டும் மச்சான். இது எனக்கும் அதுக்கும் உள்ள வழக்கு. முடிஞ்சிருச்சு. இனிமே ரிப்பேரு வேல."

வழக்கு என்று அவன் சொன்னது சும்மா இல்லை. ஐம்பத்து மூன்றில், பனி இறங்கிய ஒரு காலை நேரம், அப்போது தோட்டத்தில் உதவி மேனேஜராக இருந்த சின்னதொரை இதே வண்டியில் நாலாம் நம்பர் மலை வளைவில் வந்து மூக்கனை அடித்துத் தூக்கிப்போட்டான். கீழ்க்கால் எலும்பு இரண்டாகப் போனது. தொரை எழுந்து முதலில் வண்டியைத்தான் தடவிப் பார்த்தான். கால்மிதி வளைந்திருந்தது. திரும்பி வந்து, கிடந்தவன் கன்னத்தில் ஓர் அறை விட்டான். அந்தக் கால் கோணலாகக் கூடியது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் காட்டில் முதல் ஆளாக நின்றவன் மலையேற முடியாமல் பேக்டரி அடுப்புக்கு வந்தான். தேயிலை காயவைக்கிற டிரையருக்குச் சூடு கொடுக்கும் அடுப்பு அது. ஏழு எட்டு வருசம் அதில் வெந்தான்.

தொரை சீமைக்குப் போய்விட்டான். வண்டி கைமாறிக் கைமாறி, துருப்பிடித்து, சரிபுதீன் நானாவின் இரும்புக்கடைப் பின்பக்கம் வந்து விழுந்தது. அறுபத்தொன்றில் ஆணி வாங்கப் போன மூக்கன் அந்த வளைந்த கால்மிதியைப் பார்த்தான். மறுவாரம் தன் பசுமாட்டை ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வண்டியைக் கேட்டான்.

மாடு போன சங்கதி அவன் பெண்சாதி காளியாயிக்குச் சாயங்காலம்தான் தெரியும். கொழுந்துக் கூடையை இறக்கியவள் விறகுக் கட்டையை எடுத்து அவன் முதுகில் இரண்டு வைத்தாள். மூன்றாவதை அவன் பிடித்துக்கொண்டான்.

"கறக்குமா அது? சொல்லுங்க, கறக்குமா?"

"காலுக்குக் காலு இருக்கும்டி."

"இருக்கிற ஒரு காலையும் நான் ஒடிக்கிறேன், அப்பறம் ஏறிக்குங்க."

அவர்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான். பக்கத்துக் காம்பரா எனக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் சட்டி பறந்தால் இந்தப் பக்கம் சுண்ணாம்பு உதிரும். மூக்கன் கையும் சும்மா இராது. கங்காணியை அடித்திருக்கிறான், திருவிழாவில் போலீஸ்காரனை அடித்திருக்கிறான். டிரையர் வாசலில் வேலை செய்யும் என்னையே ஒருமுறை அடித்தான். நான் மடியில் கருவாடு கட்டிக்கொண்டு பேக்டரிக்குள் வந்துவிட்டேன் என்பதற்காக. தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். பேக்டரிக்குள் வெங்காயம்கூட ஆகாது. அதில் அவனைப்போல் கண்டிப்பானவன் கிடையாது. இதை நான் ஏன் எழுதுகிறேன் என்று போகப்போகத் தெரியும்.

வண்டியை அவன் ரிப்பேர் பண்ணினான் என்று சொல்ல மாட்டேன். மல்லுக்கு நின்றான். எஞ்சின் இறுகிக் கிடந்தது. தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து உள்ளே ஊற்றி ஒன்பது நாள் ஊறவிட்டான். பத்தாம் நாள் கொய்யாக்கட்டையை வைத்துச் சுத்தியலால் போட்டான். பிஸ்டன் அரை அங்குலம் இறங்கியது. கையைத் தட்டிக்கொண்டு சிரித்தவன், அடுத்த அடியில் கட்டை வழுக்கிப் பெருவிரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டான். நகம் பிஸ்டன் மேலேயே கிடந்தது. அதைச் சுண்டி எறிந்துவிட்டு மறுபடியும் அடித்தான்.

மட்கார்டுகளைப் புளித்தண்ணியில் ஊறப்போட்டுத் துருவைக் கழற்றினான். பெட்ரோல் டேங்கிக்குள் ஆற்றுச் சரளையும் பழைய சங்கிலியும் போட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை குலுக்கினான். சத்தம் தாங்காமல் லயமே திட்டியது. வெளிப்பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் அவன் விரல் நுனி பத்திலும் தோல் இல்லை. அவன் பிசைந்த சோற்றில் ரத்தம் ஒட்டியிருக்கும்.

எல்லாம் ஆகி, கடைசியில் பெயிண்டில் மாட்டிக்கொண்டான்.

எங்கள் மலையில் துணியே மூன்று நாள் காயாது. கறுப்புப் பெயிண்ட் அடித்து வீட்டுக்குள் தொங்கவிட்டால் பனி பட்டு வெள்ளை பூக்கும், அடுப்புப் புகை ஒட்டும். மூன்று தடவை அடித்தான், மூன்று தடவையும் சுரண்டினான். மூன்றாம் தடவை சுரண்டும்போது அழுதானோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சரிபுதீன் நானாவிடம் போய் நின்றோம். அவர் டேங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூக்கன், இது காயிற சாமான் இல்ல, சுடுற சாமான். சீமையில இதப் போறணையில வச்சுத்தான் எடுக்கிறான். பாண் சுடுற மாதிரி."

"போறணைக்கு நான் எங்க நானா போவேன்?"

"அதுக்குப் பேக்கரிக்காரன்கிட்டக் கேளுங்க. பாணு பெயிண்ட் மணத்தா ஒங்களயும் சேத்துச் சுடுவான்."

சிரித்துக்கொண்டே வந்தோம். பாதி வழியில் மூக்கன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். நான் கவனித்தேன், கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பேக்டரி ஓடாது. ஆனால் திங்கள் வேலைக்கு டிரையர் ஈரம் வாங்காமல் இருக்க, ஞாயிறு பகலில் அடுப்பைக் கொஞ்சம் மூட்டி வைப்பது அவன் வழக்கம். புகைக்கூண்டில் புகை வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு டேங்கியையும் இரண்டு மட்கார்டையும் பெயிண்ட் அடித்து, டிரையர் கதவைத் திறந்து உள்ளே கம்பியில் தொங்கவிட்டு மூன்று மணி நேரம் சூடு கொடுத்திருக்கிறான். அப்புறம் தட்டுகளைத் துடைத்து, வெறும் சூட்டுக் காற்றை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, தலையை உள்ளே விட்டு மோந்தும் பார்த்திருக்கிறான். பகலெல்லாம் பெயிண்டோடு கிடந்த மூக்குக்கு என்ன தெரியும்? ஒன்றும் இல்லை என்று பூட்டிவிட்டான்.

சாயங்காலம் சாக்கைப் பிரித்து எனக்கு டேங்கியைக் காட்டினான். அதில் என் முகம் தெரிந்தது. எங்கே வைத்துக் காயவைத்தாய் என்று கேட்டேன். "வெயில்ல" என்றான். அன்று வெயிலே இல்லை.

திங்கள் காலை முதல் தூள் இறங்கியது. பேக்டரியை நடத்தும் டீமேக்கர் முத்துலிங்கம் அய்யா வழக்கம்போலச் சாயம் ஊற்றி வாயில் வைத்தார். துப்பினார். அடுத்த கோப்பையையும் துப்பினார். நேராக என்னிடம் வந்து காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். எனக்குக் கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தமே கேட்கவில்லை.

"என்னத்தடா உள்ளுக்குக் கொண்டாந்த?"

"ஒண்ணும் இல்லீங்க."

"பெயிண்ட் நாறுது. டிரையர் வாசல்ல நிக்கிறது நீ. அப்ப யாரு, ஒங்க அப்பனா?"

என் வேட்டியை அவிழ்த்துச் சோதித்தார்கள். பெண்கள் சல்லடையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றைய கொழுந்து அத்தனையும் குப்பைக்குப் போனது. மத்தியானம் சொல்லிவிட்டார், நாளைக் காலை எனக்குப் பத்துச்சீட்டு என்று.

பத்துச்சீட்டு என்பது வேலையைவிட்டு நிறுத்தும் காகிதம். புருசனுக்கு வேலை போனால் பெண்சாதிக்கும் போகும், காம்பராவும் போகும். நாற்பத்தெட்டிலேயே எங்களுக்கு இந்த நாட்டில் பிரஜை உரிமை இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். காம்பராவும் போனால் காலை வைக்க ஓர் அடி மண் இல்லை. சங்கத்துத் தலைவரிடம் ஓடினேன். "கைநீட்டி அடிச்சதுக்குச் சங்கம் கேக்கும், தேயில கெட்டதுக்குச் சங்கம் என்னத்தக் கேக்கும்?" என்றார்.

அப்போதுதான் நேற்றைய வெயில் என் புத்தியில் ஏறியது.

அடுப்படிக்குப் போனேன். மூக்கன் கரி வாரிக்கொண்டிருந்தான். அவன் என் முகத்தைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டான். வாயில் குத்தினேன். உதடு கிழிந்தது. இன்னொன்று குத்தினேன். சுவரில் சாய்ந்து நின்றான். அவன் திருப்பி அடிக்காமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"முடிஞ்சிருச்சா மச்சான்?"

"எம்பொண்டாட்டி புள்ளையோட ரோட்டுல நிக்கணும்டா நான்."

"நீ ஏன் நிக்கிற" என்றான். ரத்தத்தைத் துப்பிவிட்டு நொண்டி நொண்டி மேலே போனான்.

டீமேக்கர் மேசையில் இருந்தார். "டிரையருக்குள்ள பெயிண்ட் சுட்டது நான்தானுங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். அய்யாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து, "பேரப் பாரு, மூக்கன். மோந்து பாக்கத் தெரியாத நாயி" என்று சொல்லி, சப்பாத்துக் காலால் அந்தக் கோணல் காலில் உதைத்தார். மற்ற காலில் உதைத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். மூக்கன் ஒரு கையால் அவர் கழுத்தைப் பிடித்து மேசையோடு அழுத்தினான். கோப்பைகள் நொறுங்கின. அய்யாவின் கண் பிதுங்கியது. நாலு பேர் சேர்ந்து பிரித்தோம். அதற்குள் அவர் முகம் கறுத்துவிட்டது.

ஜெயில் நிச்சயம் என்று நினைத்தேன். ஆனால் அடுப்புக்காரன் கழுத்தை நெரித்தான் என்று இப்போதைய பெரியதொரையிடம் சொல்ல அய்யாவுக்கு மானம் விடவில்லை. துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பங்களாவுக்குப் போய்ப் பெயிண்டைப் பற்றி மட்டும் சொன்னார். அந்தப் பழைய அடுப்பை மூக்கனைத் தவிர ஒருவராலும் தேயிலை தீயாமல் ஓட்ட முடியாது என்று தொரைக்குத் தெரியும். அதனால் தீர்ப்பு இப்படி வந்தது: நாளைக் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், எல்லோரும் பார்க்க, மூக்கன் தன் கையால் அந்த வண்டியை உடைக்க வேண்டும். உடைத்தால் வேலை. மாட்டேன் என்றால் பத்துச்சீட்டு. எனக்கு வரவிருந்த சீட்டு நின்றுபோனது.

செவ்வாய்க்கிழமை பெரட்டுக்களத்தில் நானூறு பேர். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினான். டேங்கியும் மட்கார்டும் மாட்டியிருந்தான். உடைப்பதற்கு என்று தெரிந்தும் ஏன் மாட்டினான் என்று கேட்காதீர்கள். முழு வண்டியாக அதை ஒருதரம் பார்க்க ஆசை இருந்திருக்கும். தொரை காரிலிருந்து இறங்கவில்லை. டீமேக்கர் ஏழு ராத்தல் சம்மட்டியைக் கொடுத்துவிட்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். இரண்டு முழத் தூரம்கூட இல்லை.

"ம், அடிடா. சூடா இருக்கும்போதே அடி."

யாரோ சிரித்தார்கள். மூக்கன் சம்மட்டியைத் தலைக்கு மேலே ஓங்கினான். ஓங்கியது அப்படியே நின்றது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கண் வண்டியில் இல்லை.

கொழுந்து வரிசையிலிருந்து காளியாயி வந்தாள். கூடையைக்கூட இறக்கவில்லை. பின்னால் வந்து சம்மட்டிக் காம்பைப் பிடித்தாள்.

"குடுங்க."

"போடி அங்குட்டு."

"குடுங்கன்னு சொல்றேன்ல. ஒங்க கையி கோணும்."

அவன் விடவில்லை. அவள் குனிந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். சம்மட்டி அவள் கைக்கு வந்தது. முதல் அடி டேங்கியில். அடுத்தது ஹேண்டிலில். கூடை முதுகில் துள்ளத் துள்ள அடித்தாள். மட்கார்டு மடிந்தது, சக்கரக் கம்பிகள் தெறித்தன, ஒன்று வந்து டீமேக்கர் காலில் பட்டது. அவர் பின்வாங்கினார்.

"அவன்தான் ஒடைக்கணும்" என்று தொரையைப் பார்த்துக் கத்தினார். தொரை கிளாக்கரிடம் என்னவோ கேட்டான், சிரித்தான், காரை எடுக்கச் சொல்லிவிட்டான். அவனுக்கு வண்டி உடைந்தால் போதும்.

அவள் நிறுத்தியபோது உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து போயிருந்தது. சம்மட்டியைப் போட்டுவிட்டு வரிசைக்கே திரும்பினாள். போகும்போது என்னிடம் சொன்னாள்: "அண்ணே, இன்னொரு நிமிசம் போயிருந்தா இவரத் தூக்குல போட்டிருப்பாங்க."

மூக்கன் அடுப்பு மூட்டப் போனான்.

அன்று சாயங்காலம் அவளுக்கு அடி விழும் என்று நான் சுவரோரம் தயாராக இருந்தேன். சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து அவள் கைக்கு மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தான்.

"என்னா ஓங்கு ஓங்குற. கவ்வாத்துக்கு நீ போயிருக்கணும்டி."

"பேசாமப் பூசுங்க. எரியுது."

பூசிவிட்டு, களத்திலிருந்து தூக்கிவந்து பக்கத்தில் போட்டிருந்த டேங்கியை மடியில் எடுத்து வைத்தான். நடுவில் குழி. குழிக்குள் விரலை விட்டு ஓரமெல்லாம் தடவினான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"மச்சான், இங்க வந்து பாரு. இந்த அடிக்கு பெயிண்டுல ஒரு சில்லுகூடப் பெயரல. அந்தச் சூடு நல்லாத்தான் புடிச்சிருக்கு. அடுத்த தடவ…"

காளியாயி எழுந்தாள். மஞ்சள் பூசிய கையாலேயே டேங்கியைப் பறித்துச் சரிவில் வீசினாள். கல்லுக்குக் கல் மோதிக்கொண்டு கீழே ஓடை வரைக்கும் போனது. சத்தம் நிற்கும்வரை மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அவன் எடுக்கப் போகவில்லை. அதற்குப் பிறகு பேக்டரிக்குள் அவனும் நானும் ஒரே வாசலால் போய் வந்துகொண்டிருந்தோம். டீமேக்கர் அய்யா மட்டும் அடுப்படிப் பக்கம் வருவதில்லை.