தமிழில் வந்த ஒரு சீட்டு

ஒன்பதாம் வகுப்புக்கு வளரிளம் பருவப் பாடம் நடத்தியே ஆக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. உயிரியல் டீச்சர் என்பதால் அதை என் தலையில் கட்டினார்கள். தில்லியில் தமிழர்கள் நடத்துகிற பள்ளி எங்களுடையது. ஸ்டாஃப் ரூமில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேலி செய்தார்கள். "ஆத்துல சார் ஒண்ணும் சொல்லலையா?" என்று கணக்கு டீச்சர் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவரையும் கடைசி பெஞ்சுல உக்காரச் சொல்லியிருக்கேன், நீங்களும் வாங்கோ" என்றேன்.

பையன்களை பி.டி. மாஸ்டர் மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். பெண்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள் என்று ஓர் அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு வைத்தேன். பெயர் வேண்டாம், யார் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். எப்பேர்ப்பட்ட மடத்தனம்!

முதல் இரண்டு சீட்டுகளும் இந்தியில் இருந்தன. தில்லியிலேயே பிறந்த பெண்களுக்குத் தமிழில் நான்கு வரி எழுதுவதற்குள் மூச்சு வாங்கும். மூன்றாவது சீட்டு சரளமான தமிழில் இருந்தது.

"கூட்டத்தில் ஒரு ஆள் பஸ்சில் இடித்துக்கொண்டே வந்தான். அப்புறம் இரண்டு மாதமாக எனக்கு வரவில்லை. வயிற்றில் குழந்தை இருக்குமா? வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்."

இப்படித் தமிழ் எழுதக்கூடியவள் அந்த வகுப்பில் ஒருத்திதான். போன வருஷம் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து, ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் குடியிருந்தவள். குனிந்த தலையை அவள் நிமிர்த்தவே இல்லை. ஐயோ, முதல் வார்த்தையைத் தமிழில் படித்தால் நாற்பது தலையும் அவள் பக்கம் திரும்புமே!

சட்டென்று அந்தச் சீட்டை இந்தியில் மாற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். என் இந்தி காய்கறி பேரம் பேசத்தான் லாயக்கு. இந்த விஷயத்துக்கு வார்த்தையே வராமல், கையையும் காலையும் ஆட்டி ஒப்பேற்றினேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கட்டும், என்னைத்தானே பார்க்கிறார்கள்.

"நஹீ, பில்குல் நஹீ!", இல்லவே இல்லை என்று மேஜையைத் தட்டி, மீதியையும் அந்த அரைகுறை இந்தியிலேயே சொன்னேன். "இடிச்சா குழந்தை வராது. இந்த வயசுல தள்ளிப்போறது சகஜம், ரொம்பத் தள்ளினா டாக்டர்கிட்ட காட்டணும், அவ்வளவுதான். வெக்கப்பட வேண்டியது இடிச்சவன். எவனாவது இடிச்சா நன்னாக் கத்துங்கோ!"

மணி அடித்து எல்லோரும் போன பிறகும் அவள் நின்றிருந்தாள்.

"டீச்சர், அப்ப இனிமே நான் பஸ்லயே வரலாமா?"

"இத்தனை நாள் எப்படிடி வந்தே?"

"நடந்துதான் டீச்சர்."

ஜங்புராவிலிருந்து, அத்தனை தூரம்! தினமும் லேட் என்று அவளை வாசலில் நிற்க வைத்துத் திட்டியவள் நான்தான்.

"தாராளமா வா கண்ணு. உங்க பக்கத்துப் பொண்ணுகளோட சேர்ந்து ஏறு" என்றேன்.

மறுநாள் பிரேயர் மணி அடிப்பதற்கு முன்பே வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.